மனைவியின் தேடலில் முதலிடம்

பல் டாக்டர்கள், பரோட்டா கடைக்காரர்கள், ஜோசியர்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள் என்று யார் என்னிடம் வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான். "மேடம், நான் முதல்ல வரணும்." இரண்டாவதாக வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியும் பயனில்லை, இப்போது இரண்டாவது இடம் என்று ஒன்றே கிடையாது.

முன்பெல்லாம் திரையில் தேடினால் வரிசையாகப் பதில்கள் வருமாம். பிடித்ததைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாமாம். காதுப் பொத்தான் வந்ததும் அதெல்லாம் மலையேறிவிட்டது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சமாச்சாரம், காதுக்குள் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் முணுமுணுத்தால் போதும், உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு பதில் சொல்லும். "பல் வலி தாங்கல" என்றால் ஒரே ஒரு டாக்டர். மற்ற டாக்டர்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த ஒரே ஒருவராக உங்களை ஆக்குவது என் பிழைப்பு. பிலோமினா, தேடுசொல் ஆலோசகர், தில்லை நகர், திருச்சி. ஜனங்கள் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அதை உங்கள் இணையப் பக்கத்தில் வைக்க வேண்டிய இடத்தில் வைப்பேன். பொத்தான் உங்களைத் தேடி வரும். இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை, ஆனால் இதை வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

பொத்தானோடு சேர்ந்து ஒரு புது நாகரிகமும் ஊருக்குள் வந்தது. எல்லோரும் எந்நேரமும் காற்றைப் பார்த்து எதையாவது கேட்டுக்கொண்டிருப்பதால், பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற கணக்கு. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் "இந்த பஸ் லால்குடி போகுமா?" என்று கேட்டால், கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நிற்பார். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. என்ன செய்வது, என் அடுப்பும் இதில்தான் எரிகிறது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை குலசேகரன் வந்தார். அயர்ன் பண்ணிய சட்டை, நெற்றியில் நாமம், கையில் ஒரு சின்னக் குடை. மழை பெய்யும் அறிகுறி எதுவும் இல்லை.

"என்ன தொழில் சார்?"

"குடிநீர் ஆபீஸ்ல உதவிப் பொறியாளர். ஸ்ரீரங்கம் தீவு முழுக்க என் பிரிவு. அடுத்த வருஷம் ரிட்டையர்."

"ரிட்டையர் ஆனதும் ஏதாவது கடை கிடை வைக்கப் போறீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் யார் தேடினா நீங்க முதல்ல வரணும்?"

குடையின் பிடியை நன்றாகத் துடைத்தார். "எம் பொண்டாட்டி" என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் சார், எங்கயாவது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பேரு கோதை. காலேஜ்ல கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் ஹெட். எல்லாத்தையும் பொத்தான்கிட்டயே கேட்டுக்கறா மேடம். நேத்து சோபாவுல அவ பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். 'இந்த ஊறுகா பாட்டில் மூடி திறக்க மாட்டேங்குதே, என்ன பண்றது'ன்னா. நான் ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு மரம் மாதிரி உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சுப் போய் சுடுதண்ணியில காட்டித் திறந்துட்டா. பொத்தான் சொல்லியிருக்கும்."

"நீங்க வாங்கித் திறந்திருக்கலாமே?"

"எப்படிங்க? என்கிட்டயா கேட்டா? நடுவுல புகுந்தா நல்லாவா இருக்கும்?"

படித்த மனிதர், நாகரிகம் தெரிந்தவர்.

"ஊறுகா போகட்டும் மேடம். கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல பிரின்சிபாலா வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். போனா அங்கயே குவார்ட்டர்ஸ். நான் இங்க, அவ அங்க. தினமும் சாப்பிட உக்காந்தா 'போகலாமா வேண்டாமா, ஒண்ணும் புரியலையே'ன்னு கேக்கறா. என் எதிர்லயே பொத்தான்கிட்ட கேக்கறா! அது பாட்டுக்கு 'போ'ன்னு சொல்லிட்டா? அதுக்கு எங்களப் பத்தி என்ன தெரியும்?" குடையை மடிமேல் சாய்த்துக்கொண்டார். "அவ அதைக் கேக்கும்போது, 'இதை குலசேகரனைக் கேளு'ன்னு பொத்தான் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதற்கு வழி இருந்தது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், டியூஷன் வாத்தியார் எல்லோரும் தங்கள் பெயரில் ஆள் பக்கம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது பொத்தான் அந்த ஆளையே பதிலாகச் சொல்லும். கணவர்கள் வைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சரி என்றேன்.

"தேடுசொல் என்னென்ன போடலாம்னு யோசிச்சீங்களா?"

யோசித்து வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார். "அன்பான கணவர். பொறுப்பான குடும்பத் தலைவர். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். எளிமையானவர். காவிரி நீர்நிலைகள் பற்றி ஆழ்ந்த அறிவு."

"சார், இது கல்யாண விளம்பரம். பொண்ணு ஏற்கெனவே கெடைச்சாச்சு." கணினியைத் தட்டிப் பார்த்தேன். "திருச்சி மாவட்டத்துல கடைசி ஒரு வருஷத்துல 'அன்பான கணவர்'னு தேடினது ஒரே ஒரு ஆள்."

"யாரு?"

"போன வாரம் ஸ்ரீரங்கத்துலேருந்து. நீங்களா இருக்கும்."

அவர் குடையைப் பார்த்தார்.

"எல்லாரும் பண்ற தப்புதான் சார். ஓட்டல்காரர் 'பாரம்பரிய அறுசுவை உணவகம்'னு எழுதி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். பசிச்சவன் 'பக்கத்துல சோறு எங்க கெடைக்கும்'னு கேப்பான். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. நம்மள நாம என்ன சொல்லிக்கறோங்கறது முக்கியமில்ல. தேடறவங்க வாயில என்ன வருதுங்கறதுதான் முக்கியம். உங்க வீட்டம்மா வழக்கமா என்ன வார்த்தை சொல்லுவாங்க?"

குலசேகரன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "சாப்பிட வாங்கன்னு சொல்லுவா" என்றார் கடைசியில். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனிதர் அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கவனித்ததே இல்லை.

"ஒரு வாரம் வீட்டுல சும்மா இருங்க. பதில் சொல்ல வேண்டாம், டிவி வேண்டாம், உங்க பொத்தானையும் கழட்டி வச்சிடுங்க. அவங்க சொல்றதை மட்டும் கேட்டுட்டு வாங்க."

ஒரு வாரம் கழித்து வந்தபோது ஆள் வேறு மாதிரி இருந்தார். நாற்காலியில் உட்காரக்கூடப் பொறுமை இல்லை. "மேடம், அவ எவ்வளவு பேசறா தெரியுமா! மழை வருமான்னு கேக்கறா. மோர்க்குழம்புல உப்பு போட்டேனான்னு கேக்கறா. ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, அந்த மரத்துல இருந்த காக்கா எங்கன்னு கேக்கறா. அப்புறம் தினமும், வேலைக்குக் கிளம்பறப்ப ஒருக்கா, வந்து செருப்பைக் கழட்டறப்ப ஒருக்கா, 'என்னமோ மாதிரி இருக்கு'ங்கறா. அப்படின்னா என்ன மேடம்?"

"அதுக்கு அர்த்தம் தெரியலைன்னுதான் சார் அப்படிச் சொல்றது."

அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். மலைத்துப்போனேன். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொத்தான் எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்துக்கொண்டிருந்தது, வாயுத் தொல்லை மாத்திரை. போட்டிக்கு ஒரு மாத்திரைதான் என்றால் ஜெயித்துவிடலாம்.

பக்கத்தை எளிமையாக அமைத்தேன். "என்னமோ மாதிரி இருக்கா? போகலாமா வேண்டாமான்னு குழப்பமா? சொல்லுங்க, கேக்கறேன்." கீழே அவர் படம், வீட்டு முகவரி. "கணவர்" என்ற சொல்லை அவர் பக்கம் முழுக்கத் தூவி வைத்திருந்தார். ஒரே சொல்லைத் திணித்தால் பொத்தான் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடும் என்று விளக்கி, பிடுங்கி எறிந்தேன். இன்னொன்றும் சொன்னேன். "தேடி வந்தவங்க திருப்தியாப் போனாங்களான்னு பொத்தான் பாத்துக்கிட்டே இருக்கும். முகம் சுளிச்சு அனுப்பினீங்கன்னா இடம் விழுந்துடும். அப்புறம் உங்க வீட்டம்மாவுக்கும் நீங்க வரமாட்டீங்க." கடைசி வேலையை, பக்கம் எந்தப் பகுதிக்காரர்களுக்கு வர வேண்டும் என்று நிரப்பி அனுப்புவதை, அவரையே வீட்டில் செய்யச் சொன்னேன். வீட்டு விலாசத்தைத் தவிர அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

குலசேகரன் எழுதியது வேறு. எந்த விண்ணப்பத்தில் "உங்கள் பகுதி" என்று கேட்டாலும் அவர் கை ஒன்றைத்தான் எழுதும், அலுவலகத்தில் பழகிய பழக்கம். ஸ்ரீரங்கம் பிரிவு, தீவு முழுவதும், கொள்ளிடக்கரை வரை.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நின்றார். பின்னால் பூக்கட்டுகிற அம்மா ஒருவர். அவருக்குப் பின்னால் பெண் பார்க்கக் கிளம்பி, போகலாமா வேண்டாமா என்று பாதி வழியில் குழம்பிப்போன ஒரு மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு.

குலசேகரன் எனக்குப் போன் போட்டு அலறினார். பகுதியைத் திருத்தலாம், ஆனால் திருத்தினால் பக்கம் மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும், மாதக் கடைசிக்குள் நடக்காது என்றேன். வந்தவர்களைத் துரத்தினாலும் இடம் விழும். ஆகவே அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்கு அறிவுரை எதுவும் தெரியாது. எனவே "சொல்லுங்க, கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் வீட்டில் பழகிய பழக்கம் கைகொடுத்தது.

ஜனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எதிரில் ஒரு மனிதர், காதில் பொத்தான் இல்லாமல், முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். இப்படி ஒன்று நடந்து எத்தனை காலம் ஆயிற்று? தலைமை ஆசிரியர் தேம்பி அழுதுவிட்டுத் தெளிவாக வீட்டுக்குப் போனாராம். மாப்பிள்ளை பெண் பார்க்கப் போய், பிடித்தும் போய், இரண்டு சீப்பு பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். குலசேகரனின் பக்கம் மாத்திரையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு முதலிடத்துக்குப் போனது. பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். யாரோ டோக்கன்கூட அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் வர வேண்டிய ஒருத்தி மட்டும் வரவில்லை.

"தீவுல எல்லாரும் வந்துட்டாங்க மேடம். அவ மட்டும் என்னைத் தேடல. முன்னைக்கு இப்ப பேச்சே கொறைஞ்சு போச்சு. இன்னிக்கு மாசக் கடைசி" என்றார் போனில். அவர் குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சோதித்துப் பார்த்தேன். அந்தத் தெருவில் எந்த வீட்டிலிருந்து தேடினாலும் குலசேகரன்தான் முதலிடம். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் என் தொழிலில் ஒரே காரணம்தான். அந்த ஒருவர் இந்த ஆளைத் தடுத்து வைத்திருக்கிறார். 'இவர் எனக்குப் பதிலாக வர வேண்டாம்' என்று பொத்தானிடம் சொல்லி வைத்துவிட்டால், நான் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஆகாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த அம்மாவைப் பார்த்துக் கெஞ்சித் தடையை எடுக்கச் சொல்லலாம் என்று ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். ஜன்னலோரம் குலசேகரன் யாரோ ஒருவரின் மாமியார் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். காதை மூடிய நரைமுடி, காட்டன் புடவை, கண்ணில் கோபம்.

"உங்களுக்கும் என்னமோ மாதிரி இருக்கா? டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்றார்.

"இல்லம்மா. நான் உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

சமையலறைக்குக் கூட்டிப் போனார். காப்பிக்குப் பால் வைத்தபடியே பொரிந்து தள்ளினார். "ஊருக்கெல்லாம் காது குடுக்கறாரு மனுஷன். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் 'சொல்லுங்க, கேக்கறேன்'ங்கறாரு. இந்த வீட்டுல ஒருத்தி கத்திக்கிட்டு இருக்காளே, அது மட்டும் காதுல விழாது. இன்னிக்கு சாயங்காலம் கோயம்புத்தூருக்கு வரேன்னு சொல்லிடப் போறேன். நான் இங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

நான் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, உங்க பொத்தான்ல சாரைத் தடுத்து வச்சிருக்கீங்களா?"

"எந்தப் பொத்தான்ல?"

முடியை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு காதும் காலி. "தீபாவளிக்கு மாவாட்டும்போது கிரைண்டர்ல விழுந்துடுச்சு. சரி, போகட்டும்னு விட்டுட்டேன். காதுக்கு நிம்மதியா இருந்துச்சு. அவர் இன்னும் கவனிக்கல. கவனிக்கணும்னா ஒருக்காவாவது திரும்பிப் பாக்கணும்ல?"

தீபாவளி முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. "அப்ப ஊறுகா பாட்டிலைத் திறக்க முடியாம என்ன பண்றதுன்னு கேட்டீங்களே, அது?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யார்கிட்டம்மா கேட்டீங்க?"

"யார்கிட்ட கேப்பேன்? சோபாவுல பக்கத்துல ஒரு ஆம்பள உக்காந்திருந்தாரே, அவர்கிட்டதான்."

"போகலாமா வேண்டாமான்னு?"

"அதுவும் அவர்கிட்டதான். எதிர்ல தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு ரசத்தையே பாத்துட்டு இருப்பாரு. பதில் தெரியலைன்னா பரவாயில்ல, ஒரு 'ம்'மாவது சொல்லலாம்ல? ரெண்டு தடவை கேட்டேன், பத்து தடவை கேட்டேன். அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு." பாலைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடையோடு அவர் என்னிடம் வந்தது, அன்பான கணவர் என்று தானே தேடிப் பார்த்தது, காக்காயைப் பற்றி வந்து சொன்னது, "இதை குலசேகரனைக் கேளு" என்று பொத்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டது, எல்லாம். கேட்கக் கேட்க கோதையின் முகம் மாறியது. முதலில் சிரிப்பு வந்தது. பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது நிஜமான அழுகையாகிவிட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"லூசு மனுஷன்" என்றார் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

"நான் போய் அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். இத்தனை நாள் என்னைத் தவிக்க விட்டோம்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிடுவாரு. எனக்காக உங்களைத் தேடி வந்திருக்காரே, அது போதும்."

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். மாமியார் கதைக்காரர் எழுந்ததும், அடுத்த டோக்கன்காரரை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்தார்.

குலசேகரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க, கேக்கறேன்" என்று நிமிர்ந்தவர் அப்படியே உறைந்துபோனார். கூடத்தில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார் கோதை. "போகலாமா வேண்டாமா?"

வேண்டாம், போகாதே. இதைச் சொல்லத்தான் அந்த மனிதர் என் அலுவலகப் படி ஏறியது. அது அவர் வாய் வரைக்கும் வந்ததை நானே பார்த்தேன். ஆனால் இத்தனை நாளாக ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வேறு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா தனியாப் போகப் பயமா இருக்கு."

குலசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு கோதையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தார்.

"அங்க தண்ணி எப்படி?" என்றார்.

"சிறுவாணித் தண்ணி. நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா எப்படி? ஒரு இன்ஜினியர் கூட வந்து பாத்துச் சொல்ல வேண்டாமா? முதல்ல நீ போய்ச் சேரு. ரிட்டையர் ஆகற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாக்கறேன். அப்புறம் அங்கயே இருந்து பாக்கறேன்."

டோக்கன் வைத்திருந்த யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் திறப்பதற்குள் குலசேகரன் பின்னாலேயே ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"மேடம், பாத்தீங்களா! வந்துட்டேன்ல? அவ தேடினா நான்தான முதலிடம்?"

அவர் தோளுக்குப் பின்னால், வாசற்படியில் கோதை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சார். முதலிடம்தான்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. அந்தப் போட்டியில் வேறு யாருமே இல்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.